சென்னை மாகாணத்து உயில்களும் குடும்ப வரலாறும்

தமிழ்க் குடும்பங்களில் வழிவழியாகக் காக்கப்படும் வம்சாவளிப் பட்டியல்கள் பெரும்பாலும் தந்தையிலிருந்து மகனுக்குச் செல்லும் ஒற்றைக் கோட்டிலேயே அமைந்தவை. அவற்றில் மகள்களின் பெயர்கள் இருப்பதில்லை, வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இன்னாரின் மனைவி என்ற அளவில் நின்றுவிடுகின்றனர், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளும் தத்துப்பிள்ளைகளும் பட்டியலை எழுதியவரின் மனப்போக்கைப் பொறுத்தே இடம்பெறுகின்றனர். இந்த விடுபடல்களை ஓரளவு ஈடுசெய்யக்கூடிய ஆவணங்களுள் உயிலுக்குத் தனி இடம் உண்டு. ஒருவர் தம் சொத்து தமக்குப் பின் யாரைச் சேர வேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே எழுதி வைப்பதும், அவர் இறந்த பிறகு மட்டுமே நடைமுறைக்கு வருவதும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றத்தக்கதுமான ஆவணமே உயில். பழைய பத்திரங்களில் இது மரண சாசனம் என்றும் உயில் சாசனம் என்றும் குறிக்கப்படுகிறது. மூதாதை ஒருவரின் உயிலைத் தேடுபவர் அவர் உயில் எழுதினாரா என்று கேட்பதற்கு முன்பு, அவருடைய ஊரிலும் காலத்திலும் சமயத்திலும் அவருக்கு உயில் எழுத உரிமை இருந்ததா, எழுதியிருந்தால் அந்தத் தாள் எந்த அலுவலகத்தைக் கடந்து சென்றிருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை இக்கேள்விகளுக்கான விடை 18ஆம் நூற்றாண்டு முதல் பலமுறை மாறியிருப்பதால், உயில் தேடுவதென்பது பாதிக்கு மேல் சட்ட வரலாற்றைத் தேடுவதாகவே ஆகிவிடுகிறது.

தென்னிந்திய இந்துக் குடும்பங்களின் சொத்துரிமைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட மிதாட்சரம், அதாவது யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விக்ஞானேசுவரர் எழுதிய உரை, உயில் என்ற ஏற்பாட்டை அறியாதது. மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே உரிமை உண்டு என்பதும், பிரியாத குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சியுள்ள பங்காளிகளிடமே தங்கிவிடும் என்பதும் அதன் கொள்கைகள் ஆகையால், இறப்பவர் எழுதி வைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. குடும்பம் பிரிய வேண்டுமானால் உயிரோடிருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொண்டனர். ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். எனவே, காவிரிப் படுகையிலோ தாமிரபரணிக் கரையிலோ பரம்பரை நிலத்தை உழுதுண்டு வாழ்ந்த, ஆண்பிள்ளைகள் நிறைந்த குடும்பமொன்றில் 19ஆம் நூற்றாண்டு உயில் எதுவும் கிடைக்காமற்போனால் வியப்பதற்கு ஒன்றுமில்லை; கிடைத்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஆண் வாரிசு இல்லாமை, சொந்த உழைப்பில் சேர்த்த தனிச் சொத்து, தர்மம் செய்யும் விருப்பம், இரண்டு குடும்பங்கள், மகள்வழிப் பேரன் மீதான பற்று ஆகியவற்றுள் ஏதோவொன்று அந்த உயிலின் பின்னணியில் இருக்கும். வழக்கமான குடும்பத்தைவிட வழக்கத்திலிருந்து விலகிய குடும்பத்தையே உயில் அதிகம் காட்டுகிறது என்பதை நினைவில் கொண்டால்தான் அதன் சாட்சியத்தைச் சரியாக எடைபோட முடியும்.

உயில் எழுதும் பழக்கம் சென்னைக்குள் ஆங்கிலேயரின் நீதிமன்றங்களோடு நுழைந்தது. 1726ஆம் ஆண்டின் அரச சாசனம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் அமைத்த மேயர் நீதிமன்றங்களுக்கு, உயில்களை மெய்ப்பித்துச் சான்று வழங்கும் அதிகாரமும், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரமும் அளிக்கப்பட்டன. மெய்ப்பித்தல் என்பது, கொண்டுவரப்பட்ட தாள் இறந்தவரின் கடைசி உயில்தான் என்று நீதிமன்றம் விசாரித்து உறுதி செய்து, அதன் நகலோடு முத்திரையிட்ட சான்று அளிப்பதாகும். இதையே வழக்கறிஞர்கள் இன்றும் புரொபேட் என்கின்றனர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது நின்றுபோன இந்நீதிமன்றம் 1753ஆம் ஆண்டின் புதிய சாசனத்தால் மீண்டும் உயிர்பெற்றது. அச்சாசனம் இந்தியர் இருவருக்கிடையிலான வழக்குகளை இருவரும் இசைந்தாலன்றி விசாரிக்கலாகாது என்று வரம்பிட்டது. 1798இல் ரிக்கார்டர் நீதிமன்றமும் 1801இல் உச்ச நீதிமன்றமும் 1862இல் உயர் நீதிமன்றமும் அடுத்தடுத்து அதன் இடத்தைப் பிடித்தன. அந்தக் காலத்து உச்ச நீதிமன்றம் என்பது சென்னை நகரத்துக்கு மட்டுமான அரச நீதிமன்றமே தவிர இன்று அப்பெயர் குறிக்கும் அமைப்பு அன்று.

அந்த முதல் நூற்றாண்டு உயில்களில் பெரும்பாலானவை கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர், கப்பல் தலைவர், போர்வீரர், போர்த்துகீசிய வழிவந்தோர், ஆர்மீனிய வணிகர் ஆகியோருடையவை. சைதாப்பேட்டையருகே அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டி, பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1751இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட, இதயம் மட்டும் பாரசீகத்து ஜூல்பாவுக்கு அனுப்பப்பட்டது. ஒரு மனிதர் தம்மை எந்த ஊரின் மகனாகக் கருதினார் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் சான்று வேறெந்த வகை ஆவணத்திலும் கிடைப்பதரிது. அக்காலத்து ஐரோப்பியரின் உயில்களில் அடிமைகளை விடுவிக்கும் வாசகங்களும், உள்ளூர்ப் பெண்ணொருத்திக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எழுதி வைத்த தொகைகளும் தென்படுகின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தை பெயரின்றி நிற்கும் ஒரு குழந்தையின் தந்தையை அத்தகைய வாசகமே சில வேளைகளில் காட்டிக்கொடுக்கிறது. சென்னையில் மெய்ப்பிக்கப்பட்ட உயில்களின் நகல்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இந்தியா அலுவலக ஆவணங்களின் பகுதியாக இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இங்கிலாந்திலும் சொத்து வைத்திருந்தவர்களின் உயில்கள் கான்டர்பரி பேராயரின் நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்பட்டதுண்டு. 1858 வரையிலான அந்நீதிமன்றத்தின் பதிவேடுகள் லண்டனை அடுத்த கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தமிழர்களின் உயில்கள் துபாஷிகளின் செல்வத்தோடு பெருகின. கம்பெனிக்கும் உள்ளூர் வணிகத்துக்கும் இடைநின்ற மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷி, தந்தையிடமிருந்து பெறாத பெருஞ்செல்வத்தை ஒரே தலைமுறையில் சேர்த்தவர் ஆதலால், சுயார்ஜிதம் எனப்படும் சொந்தச் சம்பாத்தியத்தை விருப்பப்படி எழுதி வைக்கும் வாய்ப்பு அவருக்கே முதலில் வாய்த்தது. இவர்களுள் புகழ்பெற்றவர் பச்சையப்ப முதலியார். 1754இல் பிறந்து, இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டி, 1794 மார்ச்சு மாதத்தில் தம் கடைசி நாட்களில் உயில் எழுதி, நாற்பது வயதில் திருவையாற்றில் மறைந்த அவர், கோயில்களுக்கும் தர்மங்களுக்குமாகச் செல்வத்தின் பெரும்பகுதியை ஒதுக்கியிருந்தார். உறவினர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் இடையிலான சச்சரவுகளால் அந்த ஏற்பாடுகள் பல ஆண்டுகள் நிறைவேறாமல் கிடந்து, உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, வட்டியோடு பெருகிய நிதியின் உபரியைக் கல்விக்குப் பயன்படுத்த முடிவாகி, 1842இல் அவர் பெயரிலான பள்ளி தொடங்கியது. அறக்கட்டளையின் வரலாறாகவே இக்கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. குடும்ப வரலாற்று ஆய்வாளருக்கோ இதில் வேறொரு பயன் உண்டு. தடையின்றி நிறைவேறிய உயில் சில பக்கங்களோடு முடிந்துவிட, சச்சரவுக்குள்ளான உயில் மனுக்கள், பதில் மனுக்கள், கணக்குகள், சாட்சியங்கள் எனப் பெருகி, உயிலில் இடம்பெறாத உறவினர்களையும் ஏட்டில் ஏற்றிவிடுகிறது.

நகரத்துக்கு வெளியே, அதாவது மொபசல் என்று அழைக்கப்பட்ட மாவட்டப் பகுதிகளில், நிலைமை வேறு. சென்னை அரசின் 1829ஆம் ஆண்டு ஐந்தாம் ஒழுங்குமுறை, இந்துக்களின் உயில்கள் இந்து சட்டத்தோடு பொருந்தும் அளவுக்கு மட்டுமே செல்லும் என்று கூறிவிட, அச்சட்டமே உயிலை அறியாது என்னும் நிலையில், உயில்களின் மதிப்பு பல காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1856இல் லண்டனிலிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நாகலட்சுமி அம்மாள் வழக்கில் இந்துவின் உயில் எழுதும் உரிமையை ஏற்றது. 1874இல் சென்னை உயர் நீதிமன்றம், பிரியாத குடும்பத்துப் பங்காளி தம் பங்கை உயில்வழி மற்றவருக்கு எழுதி வைக்க முடியாது என்றும், அவர் கண்மூடிய கணத்திலேயே அது எஞ்சியவர்களுக்குரியதாகிவிடுகிறது என்றும் தீர்ப்பளித்தது. பங்காளியின் பங்கையும் உயில்வழி எழுதலாம் என்ற நிலை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தோடுதான் வந்தது. ஆகவே 1956க்கு முந்திய இந்து ஆண் ஒருவரின் உயிலில் சொத்து எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் நீண்டு கிடப்பது எழுத்தரின் வளவளப்பால் அன்று. அது பிதிரார்ஜிதம், அதாவது மூதாதையர் வழிச் சொத்து, அன்று என்று நிலைநாட்டினால்தான் உயில் செல்லும். இன்ன ஆண்டில் தந்தை இறந்தார், இன்ன ஆண்டில் தமையனோடு பாகம் பிரிந்தது, மனைவியின் நகையை விற்று இன்ன நிலம் வாங்கப்பட்டது என்று அந்த முன்னுரை சொல்லும் செய்திகள், கீழே வரும் பங்கீட்டைவிடக் குடும்ப வரலாற்றுக்கு அதிகம் உதவுபவை.

சுயார்ஜிதத்துக்கும் பிதிரார்ஜிதத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு எத்தனை பெரிய விளைவுகளை உண்டாக்கும் என்பதற்குச் சிவகங்கை ஜமீன் வழக்கு எடுத்துக்காட்டு. 1801இல் கம்பெனி கௌரி வல்லபத் தேவருக்கு அளித்த ஜமீன், 1829இல் அவர் ஆண் வாரிசின்றி இறந்தபின் அண்ணன் மகன் வழிக்குச் சென்றுவிட, பல்லாண்டு வழக்குகளுக்குப் பிறகு 1863இல் பிரிவி கவுன்சில், குடும்பம் பிரியாததாக இருந்தாலும் ஜமீன் அவருடைய தனிச் சம்பாத்தியம் என்று கொண்டு, அவர் மகள் காத்தம நாச்சியாரின் உரிமையை ஏற்றது. இத்தகைய வழக்குகளின் தீர்ப்புகள் மூர் என்பவர் தொகுத்த மேல்முறையீட்டுத் தொகுதிகளிலும், 1876 முதல் வெளிவந்த இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையிலும் அச்சாகியுள்ளன. தீர்ப்பின் தொடக்கத்தில் வம்சாவளிப் படத்தை அச்சிடும் வழக்கமும் இருந்ததால், ஜமீன் குடும்பங்களுக்கு மட்டுமின்றி நடுத்தர நிலவுடைமைக் குடும்பங்கள் பலவற்றுக்கும் நான்கைந்து தலைமுறைப் பட்டியல் அங்கே ஆயத்தமாகக் கிடக்கிறது. அப்படங்கள் வழக்காடிய ஒரு தரப்பின் கூற்றாகவும் இருக்கக்கூடும் என்பதால் எதிர்த்தரப்பு எதை மறுத்தது என்று பார்த்த பிறகே அவற்றை நம்ப வேண்டும்.

1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் தேடலின் எல்லைகளை இன்றளவும் தீர்மானிப்பது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் சென்னை நகருக்குள் இந்து ஒருவர் எழுதும் உயிலும், நகருக்குள் உள்ள நிலம் வீடு பற்றி வெளியூரில் எழுதும் உயிலும் எழுத்து வடிவில், எழுதுபவரின் கையொப்பத்தோடு, குறைந்தது இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் அமைய வேண்டும் என்று அது விதித்தது. மொபசலில் வாழ்ந்த இந்துக்களுக்கு இவ்விதி 1927 சனவரி 1 முதல்தான் பொருந்தியது. அதுவரை தஞ்சாவூரிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் மரணப்படுக்கையில் வாய்மொழியாகச் சொன்ன ஏற்பாடும், கையொப்பமில்லாத ஒரு தாளும்கூட, மெய்ப்பிக்க முடிந்தால் உயிலாகவே கொள்ளப்பட்டன. வாய்மொழி உயிலைத் தேடுபவர் தாளைத் தேடிப் பயனில்லை. அதை நேரில் கேட்டவர்களின் வாக்குமூலம் அடங்கிய உரிமையியல் வழக்குக் கட்டையே தேட வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, நகர எல்லை தொடர்பான இந்து உயில்களுக்குப் புரொபேட் பெறாமல் உரிமை கொண்டாட முடியாது என்ற பழைய விதியைத் தொடர்ந்தது. இதனால் 20ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் ஒரு வீடு வைத்திருந்த திருநெல்வேலி வக்கீலின் உயில் சென்னை உயர் நீதிமன்றத்தைத் தொட்டிருக்க வேண்டியதாகவும், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சைதாப்பேட்டையில் வாழ்ந்து அங்கேயே சொத்தும் வைத்திருந்தவரின் உயில் எந்த நீதிமன்றத்தையும் காணாமலே நிறைவேறக்கூடியதாகவும் இருந்தது.

மெய்ப்பிக்கப்பட்ட உயிலின் மூலத்தை அந்த நீதிமன்றமே தன் ஆவணங்களோடு பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வீட்டுப் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் நகல்தான். நீதிமன்றக் கட்டில் உயிலோடு, இறந்த நாளைக் குறிக்கும் மனு, உயில் சாட்சியின் உறுதிமொழி, தமிழ் உயிலாயின் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, நீதிமன்றக் கட்டணம் கணக்கிடுவதற்காக இணைத்த சொத்து மதிப்பீடு ஆகியவை இருக்கும். ஒரு பின்னிணைப்பு நகை, பாத்திரம், பங்குப் பத்திரம் முதல் வீடு நிலம் வரையிலும், மற்றொன்று ஈமச் செலவையும் கடன்களையும் பட்டியலிடுகின்றன. உறவினர் எவரேனும் ஆட்சேபித்திருந்தால் மனு வழக்காக மாறி, தனி எண் பெற்று, வேறு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும் என்பதை அறியாதவர்கள் மனு எண்ணோடு அலைந்து திரும்புவதுண்டு. இங்கிலாந்தில் 1858 முதல் நாடு முழுவதற்குமாக ஆண்டுதோறும் அச்சிட்ட உயில் அட்டவணை இருப்பதுபோல இங்கே எதுவும் உருவாகவில்லை. உயில்களுக்கான பொதுப் பதிவகம் ஏற்படும் வரையில் என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்பார்த்த காலம் வரவேயில்லை. எனவே இறந்த ஆண்டும் வழக்கு நடந்திருக்கக்கூடிய நீதிமன்றமும் தெரியாமல் தேடலைத் தொடங்குவது வீண்.

நீதிமன்றத்தைக் காணாத உயில்களில் பல பதிவு அலுவலகத்தைக் கண்டவை. 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1865 முதல் நாடளாவிய ஒழுங்குபெற்ற ஆவணப் பதிவுமுறை, இன்று நடைமுறையிலுள்ள 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வரையிலும் உயிலைப் பதிவு செய்வதை எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. எழுதியவர் உயிரோடிருக்கும்போதும் பதியலாம், இறந்தபின் அவரால் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநரோ பயன்பெறுபவரோ கொண்டுவந்தும் பதியலாம். நிலம் வீடு தொடர்பான விற்பனை, அடமானம், தானம் முதலியவை சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலாம் புத்தகத்தில் படியெடுக்கப்பட, உயில்களும் தத்து எடுக்க அளிக்கும் அதிகாரப் பத்திரங்களும் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகின்றன. வில்லங்கச் சான்றிதழ் என்பது முதலாம் புத்தகத்தின் அட்டவணையிலிருந்து எடுக்கப்படுவதால், அதில் உயில் தென்படாது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்று குடும்பத்தார் சொல்வதை உயில் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் பிழை இங்கிருந்துதான் வருகிறது. மேலும், விற்பனைப் பத்திரத்தைச் சொத்து இருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்திலேயே பதிய வேண்டும் என்ற கட்டுப்பாடு உயிலுக்கு இல்லை. கும்பகோணத்து நிலத்துக்கான உயிலை மகன் வேலைபார்த்த மதுரையில் வைத்து எழுதியவர் மதுரையிலேயே பதிந்திருக்கலாம்.

மூன்றாம் புத்தகத்தின் தனித்தன்மை அதன் மறைகாப்பு. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர எவரும் நகல் பெற முடியாது. அவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் எவரும் பெறலாம். அட்டவணையிலும் இவ்வொழுங்கே கடைப்பிடிக்கப்படுகிறது: உயில் எழுதியவரின் பெயரும் நிறைவேற்றுநரின் பெயரும் முதலிலேயே ஏற, பயன்பெறுபவர்களின் பெயர்கள் எழுதியவர் இறந்த பிறகே சேர்க்கப்படும். ஆகவே மூதாதை இறந்துபோனார் என்று காட்டும் இறப்புச் சான்றே நகலுக்கான திறவுகோல். அட்டவணையில் பெயரோடு குறிக்க வேண்டியவற்றையும் சட்டம் வரையறுத்திருக்கிறது: வசிப்பிடம், தொழில், பட்டம், தந்தை பெயர், தாயின் மகனென்றே வழங்கப்படுபவராயின் தாயின் பெயர், தொடக்கத்தில் சாதியும் இப்பட்டியலில் இருந்து பின்னர் நீக்கப்பட்டது. ஊரில் நான்கு சுப்பிரமணியர்கள் இருந்தாலும் தேடுபவர் தம்முடைய சுப்பிரமணியரைப் பிரித்தறிய உதவுவது இந்தச் சிறு குறிப்புகள்தான். இவற்றுக்கு வெளியே, முத்திரையிட்ட உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வழியும் உண்டு. உறையின் மேலெழுத்து ஐந்தாம் புத்தகத்தில் பதியப்பட்டு, உறை தீப்பிடிக்காத பெட்டியில் வைக்கப்படும். எழுதியவர் இறந்தபின் யாரேனும் விண்ணப்பித்தால்தான் உறை திறக்கப்பட்டு, உள்ளடக்கம் மூன்றாம் புத்தகத்துக்கு வரும்.

பதிவு நகலொன்றை வாசிக்கும்போது முதலில் கண்ணில் படுவது தேதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து உயிலில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் ஆண்டும் மாதமும் சேர்ந்து வரும். நிலவரி ஆண்டான பசலி சொத்து விவரத்தில் வரும். 1907 சூலை 1 முதல் 1908 சூன் 30 வரையிலானது 1317ஆம் பசலி. அக்காலத்தின் பெரும்பகுதி பிலவங்க ஆண்டு. அறுபதாண்டுச் சுழற்சியில் பிலவங்க 1847லும் வந்திருப்பதால் ஆங்கிலத் தேதி சிதைந்த நகலில் பசலியே கைகொடுக்கும். அடுத்து எழுதுபவரின் வயது, தந்தை பெயர், ஊர், வட்டம். பிறகு திடபுத்தியோடும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதுவதாக உறுதி கூறும் வாய்பாடு. அதன் பிறகே குடும்பம் வரும். சொத்து விவரத்தில் செக்குபந்தி எனப்படும் நாலெல்லைக் குறிப்பை விரைந்து கடப்பவர்கள் பெரும்பொருளை இழக்கின்றனர். பாகம் பிரிந்த நிலத்தின் எல்லையில் இருப்பது தமையனின் அல்லது சிற்றப்பன் மகனின் நிலமாகவே இருப்பது வழக்கம் ஆகையால், இன்னாருடைய பாகத்துக்கு மேற்கு, இன்னாருடைய கொல்லைக்குத் தெற்கு என்ற வரிகள் உயிலில் எதையும் பெறாத பங்காளிகளின் பெயர்களைத் தாமாகவே தந்துவிடுகின்றன. சாட்சிகளும் பத்திர எழுத்தரும் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பதுண்டு. நகல் என்பது எழுத்தர் ஒருவர் பார்த்து எழுதியது. பெயர்களில் பிழை புகுந்திருக்கலாம், கைநாட்டின் மேல் பிறர் எழுதிய பெயரை எழுதுபவரின் கையொப்பமாக எண்ணி அவருக்கு எழுத்தறிவு உண்டென்று முடிவு கட்டலாகாது.

பெண்கள் எழுதிய உயில்கள் எண்ணிக்கையில் குறைவாயினும் செறிவு மிக்கவை. 1956 வரை இந்துக் கைம்பெண் கணவன் வழி வந்த சொத்தைத் தம் வாழ்நாள் வரையே அனுபவிக்க முடிந்ததால், அதை உயில் எழுதி வைக்க அவரால் இயலாது. பிறந்த வீட்டார் கொடுத்த நகை, சீர், மஞ்சள்காணி நிலம் போன்ற ஸ்த்ரீதனம் எனப்படும் தனிச் சொத்தையே எழுத முடியும். அச்சொத்து பெண்வழியே செல்லும் இயல்புடையதாகையால், தாய், மகள், மகள் வயிற்றுப் பேத்தி என்று ஆண்வழிப் பட்டியல் முற்றிலும் விட்டுவிட்ட ஒரு சரடு அங்கே வெளிப்படுகிறது. கணவர் இறக்குமுன் மனைவிக்கு எழுதிக் கொடுத்த தத்து அதிகாரப் பத்திரங்கள் அதே மூன்றாம் புத்தகத்தில் இருப்பதால், வம்சாவளியில் பெற்ற மகனாகக் காட்டப்பட்டவர் தத்து வந்தவர் என்பதும், எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பதும் தெரியவரலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: உயிலில் பெயர் இல்லாதவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்யக் கூடாது. திருமணத்தின்போதே சீர் பெற்றுச் சென்ற மகளும், முன்பே பாகம் பிரிந்துபோன மகனும் உயிலில் குறிக்கப்படாமல் போவது இயல்பு.

இந்துக்கள் அல்லாதாருக்கு விதிகள் வேறு. கிறித்தவர்களுக்கு 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் முதலே திருமணம் முந்திய உயிலை நீக்கிவிடும் என்பதும், சாட்சியாகக் கையொப்பமிட்டவருக்கு எழுதிய பங்கு செல்லாது என்பதும் விதிகள். ஆகவே மெய்ப்பிக்கப்பட்ட கிறித்தவரின் உயிலுடைய தேதி அவருடைய கடைசித் திருமணத்துக்குப் பிந்தியதாகவே இருக்கும். முஸ்லிம்கள் ஈமச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே, அதையும் மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி வாரிசுக்கு அல்லாமல், வஸிய்யத் செய்ய முடியும். அது எழுத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லாததால் அக்குடும்பங்களின் வரலாற்றுக்கு வக்பு ஆவணங்களும் பாகப் பத்திரங்களுமே மிகுதியாக உதவுகின்றன.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கு நிர்வாக உரிமை கேட்கும் மனுவில், இறந்தவரின் குடும்பத்தாரும் மற்ற உறவினரும் யார், ஒவ்வொருவரும் எங்கே வசிக்கின்றனர் என்று குறிப்பிட வேண்டும் என்பது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 278ஆம் பிரிவு விதிக்கும் நிபந்தனை. உயில் எழுதியவர் தமக்கு வேண்டியவர்களை மட்டும் குறிப்பிட, எழுதாதவரின் மனுவோ வேண்டாதவர்களையும் சேர்த்து முகவரியோடு தந்துவிடுகிறது. வங்கி வைப்பையும் கடன் பாக்கியையும் வசூலிக்க 1889 முதல் வழங்கப்பட்டுவரும் வாரிசுச் சான்றுக்கான மனுக்களும் இதே வகையைச் சேர்ந்தவை. உயில் கிடைக்கவில்லை என்று தேடலை நிறுத்திக்கொள்பவர்கள் அந்தக் கட்டுகளைத் திறந்து பார்ப்பதில்லை.

கடல் கடந்த குடும்பங்களுக்குத் தேடலும் கடல் கடக்க வேண்டியதாகிறது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பகுத்து, பிள்ளைகளுக்கான வழியையும் அதற்கேற்ப வகுத்துவிட்டதால், அங்கே குடும்ப வரலாற்றின் முதுகெலும்பு சீதன உறுதிகளே. மரணசாதனம் எழுதப்பட்டிருந்தால் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி அது நொத்தாரிசு ஒருவர் முன்போ ஐந்து சாட்சிகள் முன்போ நிறைவேற்றப்பட்டிருக்க வேண்டும். இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு எனக் கடைகள் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் இறந்தபோது ஒவ்வொரு நாட்டுச் சொத்துக்கும் அந்தந்த நாட்டு நீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டது. கடையின் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன வணிக அடையாளம், தெரிந்தால் ஆளின் முழுப்பெயர் தெரியாவிட்டாலும் கட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அருணாசலம் செட்டியார் என்ற தந்தை மகன் இருவரின் மறைவுக்குப் பின் இலங்கை அரசு கேட்ட மரண வரி பற்றிய வழக்கில், சொத்து பிரியாத குடும்பத்துக்குரியதா, இறந்த தனியாளுக்குரியதா என்பதே கேள்வியாக இருந்ததால், கடைசி ஆண் பங்காளி 1938இல் இறந்தபின் எஞ்சிய கைம்பெண்களும் அவர்கள் தத்தெடுக்கும் உரிமையும் வரை விவாதிக்கப்பட்டு, 1957இல் பிரிவி கவுன்சில் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.